அளவெடுத்த அன்று பெய்த தூறல்

தேவமட்டம் மலையிலுள்ள கோல்ஃப் கிளப்பில், புதிதாக ஆட வருகிறவர்களுக்கென்று ஒரு பொதுப் பை உண்டு. அதற்குள் கிடக்கும் மட்டைகள் எந்தக் காலத்து எந்தத் துரையுடையவை என்பது யாருக்கும் தெரியாது. அந்தத் துரை பனைமரத்தில் பாதி இருந்திருப்பார் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அந்த மட்டைகளை எடுக்கிற தேவமட்டத்துக்காரர்கள் ஒவ்வொருவரும் பிடியிலிருந்து ஒரு சாண் கீழே பிடித்து, முழங்கையை மடக்கி, மூச்சை அடக்கி வீசி, பந்தை விட்டுவிட்டுப் புல்லைப் பெயர்த்தார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க அந்தப் பையோடு மல்லுக்கட்டிய பிறகுதான் சொந்தமாக மட்டை வாங்க வேண்டும், அதையும் கடையில் தொங்குவதாகப் பார்த்து வாங்க வேண்டும், உடம்புக்கு அளவெடுத்துச் செய்கிற மட்டையெல்லாம் நன்றாக ஆடத் தெரிந்த பிறகுதான் என்பது கிளப்பின் வழக்கம். எங்கும் எழுதிவைக்காத வழக்கம் என்பதால் அதை எப்படி மாற்றுவது என்றும் யாருக்கும் தெரியவில்லை.

வசந்தாமணிக்கு அந்தப் பையைப் பார்த்ததுமே பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குக் காரணம் உண்டு. அவள் கோபிப் பக்கத்துப் பெண், ராஜாமணிக்குத் தங்கை, பெயரிலேயே பாதி அக்காவுடையது. அக்கா கட்டிய பாவாடை, அக்கா படித்த புத்தகம், அக்கா ஓட்டிய சைக்கிள், அக்கா போட்டுக் கழற்றிய கொலுசு என்று எல்லாமே அக்காவிடம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் அவளிடம் வந்தன. அந்தந்த வயது வரும்போது அக்கா அந்த வயதில் இருந்த அதே உயரத்தில், அதே தோளும் அதே பாதமுமாக இவள் வந்து நிற்பாள், ஆகவே ஒரு தையல்கூடப் பிரிக்க வேண்டியிருக்காது, எனக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி அழவும் முடியாது. கடைசியில் மாப்பிள்ளையும் அப்படித்தான் வந்தார். ராஜாமணிக்கென்று பேசி, வெற்றிலை பாக்கு மாற்றி, பந்தலுக்கு ஆள் சொல்லியாகிவிட்ட நேரத்தில், டெல்லியில் ரயில்வே வேலை கிடைத்துவிட்டது, எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று ராஜாமணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப, ஊர் சிரிக்கக் கூடாது என்று பெரியவர்கள் கூடி உட்கார்ந்து பேசி, முகூர்த்தத்தை மாற்றாமல் பெண்ணை மட்டும் மாற்றினார்கள். கூறைப் புடவைக்கு அக்கா அளவில் தைத்து வைத்திருந்த ரவிக்கை, பாழாய்ப்போனது, அன்றைக்கும் கச்சிதமாகப் பொருந்தியது.

மாப்பிள்ளை குழந்தைவேலு தேவமட்டத்தில் டீ பேக்டரி வைத்திருந்தார். நல்ல மனுஷன், திட்ட மாட்டார், கொஞ்சவும் மாட்டார், என்ன கேட்டாலும் ஒரு வார்த்தையில் பதில் சொல்லி முடித்துவிடுவார். கல்யாணமாகிப் பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போன பிறகும் வசந்தாமணி அவரிடம் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருந்தது. முதலிலேயே என்னைத்தான் பார்த்திருந்தால் என்னையே கேட்டிருப்பீர்களா என்பதுதான் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கிளப்பில் ரம்மி ஆடுவார், இவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பாள், மைதானத்தில் காட்டெருமை மேய்வதையும் அது நகரட்டும் என்று பெரிய மனிதர்கள் மட்டையும் கையுமாகக் காத்து நிற்பதையும் பார்ப்பாள். அப்படிப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் ஆட ஆசை வந்தது. சொல்லிக்கொடுக்கிற கிளமெண்ட் மாஸ்டர் பொதுப் பையைக் கொண்டுவந்து முன்னால் வைத்ததும், இதையும் நான் யாரோ எடுத்துப் போட்டதில்தான் பழக வேண்டுமா என்று அவள் முறுக்கிக்கொண்டாள்.

"எனக்கு அளவெடுத்துச் செய்யோணுங் மாஸ்டர்" என்றாள்.

"அம்மா, நீங்க இப்பத்தான் சுத்தவே ஆரம்பிச்சிருக்கீங்க" என்றார் கிளமெண்ட். "இன்னைக்கு ஒரு மாதிரி அடிப்பீங்க, ரெண்டு மாசம் போனா வேற மாதிரி அடிப்பீங்க. இன்னைக்கு அடிக்கிற தப்புக்கு அளவெடுத்து ஸ்டிக் செஞ்சா, அந்தத் தப்பு போனப்புறம் ஸ்டிக்க வெச்சு என்ன பண்ணுவீங்க?"

"வளர்ற புள்ளைன்னு சொல்லி லொடலொடன்னு செருப்பு வாங்கிக் குடுத்தா, புள்ள அந்தச் செருப்புக்குத் தகுந்தாப்புல நடந்து பழகிக்கும். பொறவு அந்த நடைய ஆருங் மாஸ்டர் திருத்தறது?"

கிளமெண்ட் யோசித்தார். அவர் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது, அவள் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது. இரண்டும் எப்படிச் சேர்ந்தாற்போல் சரியாக இருக்க முடியும் என்று அன்றைக்கு அவர் தலையில் ஏறிய குழப்பம் பிறகு கிளப்பில் பாதிப் பேருக்குத் தொற்றிக்கொண்டது. செயலாளர் மேஜர் உத்தண்டராமனோ, பொதுப் பை என்றால் எல்லோருக்கும் பொதுதான், இவங்க மட்டும் என்ன தனி உசத்தியா என்று மீசையை நீவினார். குழந்தைவேலுவைக் கேட்டபோது, கையிலிருந்த சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "வேணுமின்னா செஞ்சுக்க" என்றார். சம்மதமா, சலிப்பா என்று வசந்தாமணிக்குப் பிடிபடவில்லை.

அளவெடுக்கிற பெரோஸ் பெங்களூரிலிருந்து வேனில் வந்தார். அன்றைக்கு விடிந்ததிலிருந்தே தைல மர வாசனையோடு பொடித் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பயிற்சி மைதானத்து ஓரத்தில் அவளை நிற்கவைத்து, மணிக்கட்டிலிருந்து தரைவரைக்கும் டேப் பிடித்தார், உள்ளங்கையை அளந்தார், விரல்களை அளந்தார், மட்டையின் அடியில் ஒரு நாடாவை ஒட்டி, வீசச் சொல்லி, அது தரையில் போட்ட பலகையில் எந்த இடத்தில் உரசுகிறது என்று மண்டியிட்டுப் பார்த்தார். வலது கை நடுவிரல் இடது கை நடுவிரலைவிட ஒரு நூல் நீளம் என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. தன் உடம்பை ஒருவர் இவ்வளவு கவனமாக, இது இவளுடையது, வேறு யாருடையதும் இல்லை என்பதுபோலப் பார்த்ததில் அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் தூறலோடு போய்விடும் என்று கொஞ்சம் அழவும் செய்தாள். குடையோடு வந்திருந்த குழந்தைவேலு அதை விரித்துப் பிடித்தார், ஆனால் பெட்டி நனையுது, பெட்டி நனையுது என்று பெரோஸ் கத்தியதில் அவருடைய கருவிப் பெட்டிக்கு மேல் பிடித்தார். அவள் நனைந்தாள். அந்த மகிழ்ச்சியிலும் இது சுருக்கென்று குத்தத்தான் செய்தது.

மட்டைகள் வந்து சேர்ந்தது வெயில் பளிச்சென்று அடித்த ஒரு நாளில். மேகம் என்று ஒரு துணுக்குக்கூட இல்லை. வசந்தாமணி ஏழாம் நம்பர் மட்டையை உருவிப் பிடியில் கைவைத்ததும் அவள் தலைக்கு மேல் மட்டும் தூறல் போட்டது. அதே பொடித் தூறல், அதே தைல மர வாசனை, ஒரு குடைக்கும் கொஞ்சம் அதிகமான வட்டத்தில் பூப்பூவாக விழுந்தது. மட்டையைப் பைக்குள் வைத்தால் நின்றது, எடுத்தால் பெய்தது. மேஜர் அண்ணாந்து பார்த்துவிட்டு, காபி ஆறிவிடும் என்று உள்ளே போனார். கிளமெண்ட், "கொஞ்சம் தள்ளி நின்னு அடிங்கம்மா, மத்தவங்க பை நனையுது" என்றார். அன்றைக்கு அவள் அடித்த பந்துகள் எல்லாம் வலப்பக்கம் வளைந்து தைல மரத் தோப்புக்குள் போயின, அவளுக்கு அதிலும் ஒரு குறையும் தெரியவில்லை.

கிளப் அந்தத் தூறலை எப்படிப் பழகிக்கொண்டது என்றால், முதலில் ஈரச் செருப்போடு உள்ளே வரக்கூடாது என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியது. அடுத்து, வசந்தாமணியின் மழையில் தேங்கிய தண்ணீரில் பந்து விழுந்தால் அதை எடுத்து வறண்ட இடத்தில் வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி வந்தது. மழைத் தண்ணீர் என்றால் எடுத்து வைக்கலாம் என்பது ஆட்ட விதி, ஆனால் தன் கையாலேயே பெய்வித்த மழையில் தன் பந்து விழுந்தால் அது மழைத் தண்ணீரா, சொந்தத் தண்ணீரா என்று கமிட்டி கூடி மூன்று தட்டு பக்கோடா காலியாகும்வரை விவாதித்தது. எதிராளி எடுத்து வைக்கலாம், அவள் வைக்கக்கூடாது என்று முடிவாகி, அது அநியாயம் என்று கிளமெண்ட் சண்டைபோட்டு, அவளும் வைக்கலாம், ஆனால் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைக்க வேண்டும் என்று மாற்றப்பட்டது. பிறகு ஆளாளுக்கு அந்த மட்டையை வாங்கிப் பிடித்துப் பார்த்தார்கள். கிளமெண்ட் பிடித்தார், அவருக்கு அது குட்டை. மேஜர் பிடித்தார், அவருக்குக் குட்டையோ குட்டை. பல் டாக்டர் சம்சாரம் பிடித்தாள், அவளுக்கு நெட்டை. யாருக்கும் ஒரு சொட்டுகூட விழவில்லை. எனக்கென்று செய்தது எனக்குத்தான் பெய்யும் என்று வசந்தாமணி வெளியே காட்டிக்கொள்ளாமல் பூரித்துப்போனாள்.

அப்புறம் புதிதாக ஆட வந்தவர்கள் எல்லோருமே அளவெடுத்துக்கொள்ளக் கிளம்பினார்கள். பல் டாக்டர், தோட்டக்காரனை ரப்பர் குழாயோடு நிற்கவைத்துத் தன்மேல் தண்ணீர் பீய்ச்சச் சொல்லி, அந்த ஈரத்திலேயே அளவு கொடுத்தார், சளி பிடித்ததுதான் மிச்சம். கடைசியில் கிளப்பில் அளவெடுத்த மட்டை வைத்திருந்த கற்றுக்குட்டிகள் நிறையப் பேர், மழை பெய்வித்தவள் அவள் ஒருத்தி.

அவள் ஆடப் போகும்போதெல்லாம் குழந்தைவேலு ரம்மியை விட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வர ஆரம்பித்தார். அவள் வீசும்போது ஓரடி விலகுவார், வீசி முடித்ததும் ஓரடி நெருங்கி அவள் தலைக்கு மேல் பிடிப்பார். எதற்கு வருகிறார் என்று அவர் சொல்லவில்லை. பேக்டரி முதலாளியின் மனைவி சொட்டச் சொட்ட நடந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதாலா, அன்றைக்குப் பெட்டிக்குப் பிடித்த குடையை இவளுக்குக் கணக்குத் தீர்க்கிறாரா, இல்லை சும்மாதான் வருகிறாரா என்று அவள் குழம்பினாள். கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் சொல்லி எல்லாவற்றையும் கெடுத்துவிடுவார் என்று கேட்காமலே விட்டாள்.

அந்த வருடம் கோடை மழை வரவில்லை. தடுப்பணை காய்ந்து சேறு வெடித்தது, கேரட் காடுகளில் தழை தொங்கிப்போனது. ஒரு காலையில் கேரட் போடுகிற போஜன், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு வசந்தாமணி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அம்மா, நம்ம காட்டுக்குள்ள வந்து கொஞ்ச நேரம் ஆடுவீங்களா?"

அவள் போனாள். பாத்திக்குப் பாத்தி நின்று, பந்து இல்லாமல் வெறுங்காற்றை வீசினாள். ஒரு பாத்தி நனைந்ததும் அடுத்த பாத்தி, ஒரு காடு முடிந்ததும் அடுத்த காடு, விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை வீசிக்கொண்டே போவாள், பின்னால் குழந்தைவேலு குடையோடு வருவார், அவருக்குப் பின்னால் குடத்தோடு பெண்கள் வருவார்கள். அந்த அளவு மழைக்கு ஒரு காடு நனையுமா என்று கேட்டால், நனையாதுதான், ஆனாலும் கேரட் தழை நிமிர்ந்தது, அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. குடை விளிம்பில் வழிகிற தண்ணீர் இடப்பக்க வரப்புக்காரனுக்கே அதிகம் போகிறது என்று ஒரு தகராறு வந்து, இனிமேல் குடையை ஒருநாள் இந்தக் கையிலும் மறுநாள் அந்தக் கையிலும் பிடிக்க வேண்டும் என்று ஊர் பேசி முடிவு செய்தது. குழந்தைவேலு அதற்கும் "செரி" என்றார். காது குத்துக்கும் கோயில் பொங்கலுக்கும் கூப்பிடுவதுபோல வெற்றிலை வைத்து அவளைக் காட்டுக்குக் கூப்பிட்டார்கள். அவளை யாரும் ராஜாமணியின் தங்கை என்று சொல்லவில்லை, ராஜாமணி என்று ஒருத்தி இருப்பதே அந்த மலையில் யாருக்கும் தெரியாது.

விபரீதம் எங்கே ஆரம்பித்தது என்றால், அந்த வீச்சில்தான் ஆரம்பித்தது. அத்தனை காட்டில், அத்தனை பாத்தியில், அத்தனை தடவை வீசினால் கை பழகாமல் இருக்குமா? முழங்கை மடங்குவது நின்றது. தலை தூக்குவது நின்றது. இடுப்பு தானாகத் திரும்பியது. மட்டை புல்லை உரசிக்கொண்டு விசுக்கென்று போக ஆரம்பித்தது. வீச்சு எந்த அளவுக்குத் தேறியதோ அந்த அளவுக்குத் தூறல் இளைத்தது. முதலில் வட்டம் சுருங்கியது, பிறகு சொட்டு சன்னமானது, பிறகு விட்டுவிட்டு விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் அவள் அடித்த பந்து வலப்பக்கமும் இடப்பக்கமும் சாயாமல் நேராக எழும்பி, காட்டெருமைகளின் தலைக்கு மேலாகப் பறந்து, குழியில் நட்ட கொடிக்குப் பக்கத்தில் போய் மெத்தென்று உட்கார்ந்தது. கையில் அடித்த உணர்வே இல்லை. கிளமெண்ட் கை தட்டினார். வசந்தாமணி உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை சந்தோஷப்பட்டாள், சந்தோஷப்பட்டுக்கொண்டே புறங்கையைப் பார்த்தாள், அது காய்ந்திருந்தது.

போஜன்தான் முதலில் வாய் திறந்தார். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் மோசமா அடிங்களேன்."

அவளும் மோசமாக அடிக்கப் பார்த்தாள். ஊரே சேர்ந்து அவளுக்குப் பழைய தப்பைச் சொல்லிக்கொடுத்தது. கிளமெண்ட், தன் வாழ்க்கையில் முதல்முறையாக, தலையைத் தூக்குங்க, முழங்கையை மடக்குங்க, அவசரப்படுங்க என்று கத்தினார். அவள் மடக்கினாள், தூக்கினாள், அவசரப்பட்டாள், பந்து தோப்புக்குள்ளும் போனது, ஆனால் அது தெரிந்தவள் செய்கிற தப்பாக இருந்தது, வானம் ஏமாறவில்லை.

பெரோஸ் மறுபடியும் வேனில் வந்தபோது, மட்டையின் அடியில் நாடாவை ஒட்டி வீசவைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது இப்ப உங்க ஸ்டிக் இல்லம்மா. பழைய உங்களுக்குச் செஞ்சது. புதுசா அளவு எடுத்துடலாம்."

"நான் அன்னைக்கே சொன்னேன்ல, ஆரம்பத்துல அளவெடுக்கக் கூடாதுன்னு" என்றார் கிளமெண்ட். சொல்லிவிட்டு, "ஆனா அந்த ஸ்டிக்குனாலதான் இவ்வளவு சீக்கிரம் பழகுனீங்க, அதுவும் நெசம்" என்றார். இரண்டையும் சொல்லிவிட்டு, தான் எந்தப் பக்கம் என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மேஜர் கமிட்டியைக் கூட்டி, புதியவர்கள் அளவெடுத்துக்கொள்ளலாமா கூடாதா என்று கை தூக்கச் சொன்னார், கூடாது என்று கை தூக்கியவர்களில் பலர், எடுக்கலாம் என்பதற்கும் தூக்கினார்கள். புது அளவு எடுத்துவிட்டால் இருக்கிற ஒன்றிரண்டு சொட்டும் போய்விடும் என்று விவசாயிகள் பெரோஸின் வேனைச் சுற்றி நின்றுகொண்டார்கள். வசந்தாமணிக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது. நேராகப் போன அந்தப் பந்தும் வேண்டும், தன்மேல் மட்டும் பெய்த அந்தத் தூறலும் வேண்டும், இரண்டில் எது தன்னுடையது என்று அவளுக்கே விளங்கவில்லை.

இந்த நேரம் பார்த்து ராஜாமணி வந்து இறங்கினாள். ரயில்வேயில் ரிட்டையர் ஆகி, கொஞ்ச நாள் மலையில் தங்கிப் போகலாம் என்று வந்தவள், ஒரு பெட்டி நிறையப் பட்டுப் புடவைகள் கொண்டுவந்திருந்தாள். "ஒரே ஒரு தடவதான் பாப்பா கட்டுனேன், புதுசு மாதரியே இருக்குது, நீ வெச்சுக்க" என்றாள். பாசமாகத்தான் சொன்னாள், எப்போதும் பாசமாகத்தான் சொல்லியிருக்கிறாள், அதனால்தான் வசந்தாமணியால் ஒருநாளும் கோபப்பட முடிந்ததில்லை. அக்காவை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று இத்தனை வருடமும் தெரியாத குழந்தைவேலு, பெட்டியைப் பார்த்து "வாங்க" என்றார். வாசலில் அக்காவும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது, தலைமுடி நரைத்த இடம்கூட ஒன்றாக, இரண்டு பேரும் ஒரே உயரமாக இருந்தார்கள்.

மறுநாள் போஜன் காட்டுக்கு அக்காவும் வேடிக்கை பார்க்க வந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. ஊர் மொத்தமும் வரப்பில் நின்றது, கிளமெண்ட் நின்றார், மேஜர்கூடக் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு நின்றார். வசந்தாமணி ஏழாம் நம்பரை எடுத்து வீசினாள். அழகான வீச்சு. ஒரு சொட்டு இல்லை. மறுபடி வீசினாள். தழைகள் தரையோடு கிடந்தன. போஜன் சம்சாரம் குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் வசந்தாமணிக்கு அத்தனை வலித்திருக்காது.

"அதென்ன பாப்பா, நானும் ஒருக்கா சுத்திப் பாக்கட்டா?" என்று வரப்பிலிருந்து ராஜாமணி கேட்டாள்.

வசந்தாமணிக்குக் கை தானாக மட்டையை இறுக்கிக்கொண்டது. கிளமெண்ட்டுக்குக் கொடுத்தாள், மேஜருக்குக் கொடுத்தாள், பல் டாக்டர் சம்சாரத்துக்குக்கூடக் கொடுத்தாள், அவர்களுக்குக் கொடுக்கும்போது பயம் இல்லை. இது அக்கா. அதே உயரம், அதே தோள், அதே கை. அதோடு வாழ்நாளில் ஒரு பந்தைத் தொட்டதில்லை. தனக்கென்று அளவெடுத்த ஒன்றே ஒன்று, அதுவும் அக்காவுக்குப் பொருந்திவிட்டால் அப்புறம் தான் எங்கே போய் நிற்பது? கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிடலாம். யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. அவள் கவிழ்ந்த குடத்தைப் பார்த்தாள், அதன்மேல் உட்கார்ந்திருந்தவளின் வெடித்த பாதத்தைப் பார்த்தாள், நடந்து போய் மட்டையை நீட்டினாள்.

"இந்தாக்கா, புடி. நான் ரொம்பப் பொழங்கல. புதுசு மாதரிதான் இருக்குது" என்றாள்.

அக்கா தங்கையிடமிருந்து எதையும் வாங்கிப் பழக்கமில்லாதவள், இரண்டு கையாலும் வாங்கினாள். துடைப்பத்தைப் பிடிப்பதுபோலப் பிடித்து, முழங்கையை மடக்கி, தலையைத் தூக்கி, அவசரம் அவசரமாக ஒரு சுற்றுச் சுற்றினாள். தைல மர வாசனை வந்தது. ராஜாமணியின் தலைக்கு மேல் தூறல் போட்டது, அடுத்த சுற்றுக்கு வலுத்தது, அதற்கடுத்த சுற்றுக்குச் சடசடவென்று அடித்தது. அக்கா சின்னப் பிள்ளைபோல வீல் என்று கத்தினாள், கத்திக்கொண்டே சிரித்தாள், ஊர் குடத்தைத் தூக்கிக்கொண்டு அவளைப் பார்க்க ஓடியது. போஜன், "இந்தப் பாத்திக்கு வாங்கம்மா, இந்தப் பாத்திக்கு" என்று இழுத்துக்கொண்டு போனார். கிளமெண்ட், சொல்லிக்கொடுக்காதீங்க, யாரும் அவங்களுக்கு ஒண்ணும் சொல்லிக்கொடுக்காதீங்க என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்.

வசந்தாமணி நின்ற இடம் காலியாகிவிட்டது. அந்தத் தூறல் தன்னுடையதாகவே இருந்ததில்லையா, இல்லை தன்னிடம் இருந்ததால்தான் அது இன்றைக்கு அக்காவுக்குப் பெய்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. தழைகள் நிமிர்ந்ததில் மனசு நிறைந்தது, அதே மனசு எரியவும் செய்தது. பின்னால் குடை படக்கென்று விரிகிற சத்தம் கேட்டது. மாதக்கணக்காகக் கேட்டுப் பழகிய சத்தம். இனி அவர் போவார். மழை பெய்கிற இடத்துக்குத்தான் குடை போகும், அதில் தப்பு ஒன்றும் இல்லை, யாருக்கென்று முதலில் பேசினார்களோ அவள் தலைக்கு மேல் போய் நிற்கும். அதைப் பார்க்க வேண்டாம் என்று அவள் குனிந்து வறண்ட மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மண்மேல் வட்டமாக ஒரு நிழல் வந்து விழுந்தது. அவளைச் சுற்றி நின்றது, நகரவில்லை.

அவள் நிமிர்ந்தாள். குழந்தைவேலு வழக்கம்போல ஓரடி தள்ளி, கையை நீட்டி, அவள் தலைக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டிருந்தார். குடைத் துணியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"மழ அங்கதானுங் பெய்யுது" என்றாள்.

"தெரியுது."

"பொறவு இங்க எதுக்குங் கொட?"

அவர் யோசித்தார். ஒரு வார்த்தையில் முடியாது என்று தெரிந்ததும் முகம் சங்கடப்பட்டது. தூரத்தில் மழையில் கூத்தாடிக்கொண்டிருந்த ராஜாமணியைப் பார்த்தார், குடைக்காம்பைப் பார்த்தார், இவளைப் பார்த்தார்.

"எனக்கு இந்த ஒசரத்துக்குத்தான் புடிச்சுப் பழக்கம் அம்மணி" என்றார்.

அக்காவும் அதே உயரம்தான் என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை. அவர் கை வலிக்குமே என்று அரையடி நகர்ந்து அவரை ஒட்டி நின்றுகொண்டாள்.